கோதுமைத் தவிட்டுக்கு வந்தவள்

பெரம்பூரில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அங்காளம்மன் தோட்டத் தெருவில் பிள்ளைகளைத் தவிட்டுக்குத்தான் வாங்குவார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பெற்றுக்கொண்டு வருகிறவர்களும் ஓரிருவர் உண்டு. அதில் தப்பொன்றும் இல்லை. வீண் அலைச்சல், அவ்வளவுதான். தெருக்கோடியில் ஜம்புலிங்கத்தின் மாட்டுத் தீவனக் கடை இருக்கிறது. புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, உளுத்தம்பொட்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பலகைக் கதவு. வீட்டில் சேர்ந்த தவிட்டை ஒரு படி கொண்டுபோய்க் கொட்டினால், ஜம்புலிங்கம் அதை விரலால் கிளறி, முகர்ந்து பார்த்து, கதவைத் திறந்து உள்ளே போய், அந்தத் தவிட்டுக்கு உண்டான பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். மற்ற இடங்களில் பிள்ளை அடம்பிடித்தால், "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று விளையாட்டுக்குச் சொல்வார்களாம். இந்தத் தெருவில் அதைச் சொன்னால், "அதான் தெரியுமே" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை விட்ட இடத்திலிருந்து அழும்.

மாநகராட்சியில் ரோடு ரோலர் ஓட்டும் எத்திராஜும் அவன் மனைவி வேதவல்லியும் வெகுநாள் யோசித்து, ஒரு பிள்ளை வாங்குவது என்று முடிவு செய்தார்கள். வேதவல்லி ரேஷன் அரிசியைப் புடைத்துப் புடைத்து ஒரு டப்பா நிறையத் தவிடு சேர்த்தாள். அதே அலமாரியில், அதே அளவில், அதே மூடி போட்டு இன்னொரு டப்பாவும் இருந்தது. அதில் இருந்தது கோதுமைத் தவிடு. எத்திராஜுக்குச் சர்க்கரை வியாதி. ராத்திரியில் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்தி சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். வேதவல்லி மாவைச் சலித்து, நின்ற தவிட்டைத் தனியே போட்டு வைப்பாள். எதையும் கொட்ட அவளுக்கு மனசு வராது. புருஷனுக்குச் சுகர் என்ற விஷயத்தையும் அவள் அப்படித்தான் மூடி போட்டு வைத்திருந்தாள். வெளியே தெரிந்தால் ரோலரிலிருந்து இறக்கி ஆபீஸில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுவார்கள் என்று எத்திராஜுக்கு ஒரு நடுக்கம்.

எத்திராஜ் எடுத்துக்கொண்டு போனது இரண்டாவது டப்பாவை.

ஜம்புலிங்கம் கிளறினார், முகர்ந்தார். "உங்க வூட்டுதுதானே?" என்றார்.

"எங்க வூட்டுதுதான்."

"நீ சாப்பிடறதுதானே?"

"நான் சாப்பிடறதுதான்."

கடையின் சட்டம் அவ்வளவுதான். அவர் கதவைத் திறந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, இப்போதுதான் நடை பழகிய ஒரு பெண் குழந்தை வந்தது. சோளக்கதிரின் நாரைப் போலத் தலைமுடி. மைப்புட்டியின் நீலத்தில் கண்கள். தோல், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்து, வெயில் பட்ட இடத்தில் உடனே சிவந்தது. குழந்தை எத்திராஜை அண்ணாந்து பார்த்தது. பிறகு, அவன் ஓட்டி வந்து பின்னால் நிறுத்தியிருந்த ரோலரைப் பார்த்தது. இரண்டில் ரோலர்தான் அதற்குப் பிடித்தது. எத்திராஜைக் கேட்டாலும் அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். ஆகவே அந்த இடத்திலேயே இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவன் ரோலரை வீட்டுக்கு ஓட்டி வந்தான். ரோலரில் ஒரு வசதி, ஊர் நிதானமாகப் பார்க்கலாம். தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. எதிர்வீட்டுச் சகுந்தலா ஒரு தடவை பார்த்துவிட்டு, உள்ளே போய் அடுப்பை அணைத்து, பாலை மூடி வைத்துவிட்டு வந்து, மறுபடியும் விட்ட இடத்திலிருந்து பார்த்தாள்.

"கோதுமையா எத்திராஜு?"

"ஆமாக்கா."

"அப்ப உனக்குச் சுகரா?"

எத்திராஜ் சாலையைப் பார்த்து ஓட்டினான்.

"எத்தினி நாளா? வெறும் வயித்துல எவ்ளோ காட்டுது?"

பொழுது சாய்வதற்குள் எத்திராஜுக்குச் சுகர் என்பது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. குழந்தையின் முடியைப் பற்றியோ கண்ணைப் பற்றியோ ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் பேச என்ன இருக்கிறது, கோதுமைக்கு அப்படித்தான் வரும். வந்தவர்கள் எல்லாரும் எத்திராஜைத்தான் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர் பாகற்காய் கொண்டுவந்தார். ஒருவர் நாவற்கொட்டைப் பொடி. கடைசி வீட்டுத் தையற்காரர், பாதத்தில் புண் வராமல் பார்த்துக்கொள்ளும்படி சொல்லி, அவன் பாதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பியும் பார்த்தார். குழந்தை பாகற்காய்களை வரிசையாகத் தரையில் அடுக்கி, மேலே ஒரு தம்ளரை உருட்டிச் சமப்படுத்தியது. ஆபீஸிலும் சேதி போய்ச் சேர்ந்தது. எஞ்சினியரும் ராத்திரி சப்பாத்தி சாப்பிடுகிறவராக இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

குழந்தைக்குப் பொற்கொடி என்று பேர் வைத்தார்கள்.

தவிட்டுப் பிள்ளையில் ஒரே ஒரு சிரமம் உண்டு. காது குத்தும்வரை அது கடையுடையது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிட்டால் வீட்டுடையது. நடுவில் இருக்கிற காலத்தில், தூங்கும்போது பிள்ளை கடை இருக்கிற திசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். கையை, காலை அசைக்காது. ஈர மேஜையில் தம்ளர் வழுக்குவது போல, படுத்த வாக்கில் போகும். அப்படியே போய்க் கடைவாசலைத் தொட்டுவிட்டால் பலகைக் கதவுக்குப் பின்னால் போய்விடும். அப்புறம் அதே தவிட்டை யார் கொண்டுவந்து கொட்டினாலும் அவர்களுக்கு. ஆகவே யாரும் காதுகுத்தைத் தள்ளிப்போடுவதில்லை.

வேதவல்லிக்கு அண்ணன் ஒருவர்தான், பரந்தாமன். வியாசர்பாடியில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து அவருடைய மடியும் அண்டா அகலத்துக்கு வந்திருந்தது. ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சொந்தத்தில்கூட அந்த மடியில் உட்காராமல் காது குத்திக்கொண்டவர்கள் கிடையாது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக்கொண்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் அவரைக் கூப்பிடப் போனார்கள்.

"வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க" என்றார் பரந்தாமன். "காபியிலே சர்க்கரை போடலாமா, கூடாதா? யாரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கறது? தெருவுல ஐஸ் விக்கறவனைக் கூப்புட்டுக் கேட்கட்டுமா?"

"மச்சான், அது வந்து..."

"பால்காரனுக்குத் தெரியுது. எதிர்வூட்டு சகுந்தலாவுக்குத் தெரியுது. கூடப் பொறந்தவளைக் குடுத்தவன் நான். எனக்குச் சேதி ரோடு ரோலர்ல வந்து சேருது."

"குழந்தையைப் பாருண்ணா" என்றாள் வேதவல்லி.

பரந்தாமன் பார்த்தார். குழந்தையும் அவரைப் பார்த்தது. "லட்சணமாத்தான் இருக்கு. அதுமேல எனக்கு ஒரு குறையும் இல்ல. எனக்கு முதல்ல சொல்லலை, அதான் என் குறை."

"இப்பச் சொல்றேன் மச்சான். எனக்குச் சுகர்."

"இப்பத்தான் எனக்குத் தெரியுமே. தெரிஞ்சவன்கிட்ட எப்படிச் சொல்லுவீங்க?"

எத்திராஜ் யோசித்துப் பார்த்தான். அவர் சொல்வது நியாயமாகத்தான் இருந்தது. வேதவல்லியும் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் அதில் ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை.

"மடி கிடையாது" என்றார் பரந்தாமன். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, கடையை மூடுகிறவர் மாதிரி மடியின்மேல் விரித்து, நாலு மூலையும் இழுத்துவிட்டார்.

அன்றைக்கு மத்தியானமே பொற்கொடி பாயிலிருந்து சுவர்வரை நகர்ந்திருந்தாள். மறுநாள் காலையில் வாசற்படியில் கிடந்தாள். அதற்கு அடுத்த நாள் தெருக்குழாயடியில், குடங்களுக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருந்தவளைச் சகுந்தலா தூக்கி வந்து கொடுத்தாள். எத்திராஜ் தன் காலையும் குழந்தையின் காலையும் துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தான். விடிந்து பார்த்தால் இரண்டு பேரும் குழாயடியில் இருந்தார்கள். கடைசியில், அவனுக்குத் தெரிந்ததிலேயே கனமான பொருள் எதுவோ அதில் கட்டுவது என்று தீர்மானித்து, ரோலரை வீட்டு வாசலில் நிறுத்தி, அதன் இருக்கையில் மெத்தை தைத்துப் போட்டு, குழந்தையை அதில் படுக்கவைத்துக் கட்டினான். ரோலர் அசையவில்லை. அந்த இருக்கையிலேயே பொற்கொடி படுத்து வளர்ந்து, பள்ளிக்கூடம் போகிற வயசுக்கு வந்தாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்குப் போகும்போது, வேதவல்லி அண்ணனின் மடியைப் பார்ப்பாள். துண்டு அப்படியே இருக்கும்.

பொற்கொடிக்குக் கேள்விகள் அதிகம். தவிட்டுப் பிள்ளைதான் என்பதில் அவளுக்கு ஒரு விசாரமும் இல்லை. வகுப்பில் எல்லாரும் தவிடுதான். ஆனால் மற்றவர்கள் எல்லாரும் ஒரே தவிடு.

"அப்பா, நான் சோறா, சப்பாத்தியா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"நீ என்ன சாப்பிடற?"

"ரசம் சோறு."

"அப்ப சோறுதான்."

"நீ சப்பாத்தி சாப்பிடறியே. நீ சப்பாத்தியா?"

"நான் சோறுதான். சுகருக்காகச் சப்பாத்தி."

"அப்ப நான் உன் சுகரா?"

இல்லை என்று சொல்ல எத்திராஜுக்கு மனசு வரவில்லை.

அவள் மாவு மில்லுக்குப் போய்க் கோதுமை மூட்டைகளுக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்ப்பாள். ஒரு பிடி எடுத்துக் காதில் வைத்துக் கேட்பாள். கோதுமை எங்கிருந்து வருகிறது என்று மில்காரரிடம் விசாரித்ததில், பஞ்சாபிலிருந்து என்றார். ஆகவே கொஞ்ச நாள் தெரு அவளைப் பஞ்சாபிப் பெண் என்று வைத்துக்கொண்டு, அடுத்த தீபாவளிக்கு அதற்குத் தகுந்த உடுப்பு எடுத்துக் கொடுத்தது. அவளும் போட்டுக்கொண்டு பட்டாசு கொளுத்தினாள். உடுப்பு சின்னதாகிப்போனதும் அந்தப் பேச்சு நின்றது.

ஒரு காலையில் எத்திராஜ் வாசலுக்கு வந்து பார்த்தபோது, ரோலர் கடையிருக்கும் பக்கமாக ஒரு சாண் நகர்ந்திருந்தது. பிள்ளை வளர வளர இழுப்பும் வளரும் என்பதை அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சக்கரத்துக்குக் கீழே கல் வைத்தான். மறுநாள் கல் தூளாகியிருந்தது. ரோலரின் தொழிலே அதுதானே. வாரக் கடைசிக்குள் அது சகுந்தலா வீட்டைத் தாண்டி, தையற்காரர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. பொற்கொடி இருக்கையில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் கடையின் மூட்டைகள் தெரிந்தன.

அந்தச் சமயத்தில்தான் ஜம்புலிங்கம் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எத்திராஜு, தப்பா நெனைக்காத. ஒரு சின்ன விஷயம். எனக்கு ஒரு பங்காளி, டென்மார்க்குன்னு ஒரு ஊருல இதே கடை வச்சிருக்கான். நீ கோதுமை கொட்டுன அதே நாள்ல அங்க ஒரு வூட்டுக்காரங்க அரிசித் தவிடு கொட்டியிருக்காங்க. ஏன்னு தெரியல. உனக்கு வர வேண்டிய பையன் அங்க போயிட்டான். அவங்களுக்கு வர வேண்டியது உங்கிட்ட இருக்குது."

"சரி."

"அசல் உன் மூக்காம். பங்காளி எழுதியிருக்கான். அந்தப் பையனுக்கும் இன்னும் காது குத்தல. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ரெண்டு பேரும் இங்க வராங்க. வந்தா, ஆளுக்கு ஆள் மாத்திக்கலாம். கடைக்கும் கெட்ட பேர் இருக்காது."

"வரட்டும். பேசிக்கலாம்" என்றான் எத்திராஜ்.

தெருவில் கேட்டவர்களிடமும் அவன் அதையேதான் சொன்னான். வேதவல்லியிடமும் அதையேதான் சொன்னான். ரோலர் ஓட்டுகிறவனின் நிதானம் என்று எல்லாரும் அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வரும் அன்று காலையில் மட்டும் அவன் ரோலரை எடுத்துப் போய், தெருமுனையில், இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்தான். யாராவது கேட்டால் ரிப்பேர் என்று சொல்லலாம் என்றிருந்தான். ஒருவரும் கேட்கவில்லை.

அவர்கள் ரோலர்மேல் ஏறி, இந்தப் பக்கம் இறங்கி வந்தார்கள். முதலில் ஆண்டர்ஸ் என்கிற அந்தப் புருஷன். கம்பம் போல் உயரம். பிறகு அவன் மனைவி கிர்ஸ்டன், தொப்பியும் மூட்டையுமாக. பையன் மட்டும் இறங்கவில்லை. யென்ஸ் என்று பேராம். கன்னங்கரேல் என்று, பெரம்பூர் வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, ரோலரின் இருக்கையில் உட்கார்ந்து பிடியைத் தடவிக்கொண்டிருந்தான். எத்திராஜ் கிட்டத்தில் போய்ப் பார்த்தான். தன் மூக்கைப் பக்கவாட்டில் பார்க்க அவனுக்கு அதுவரை வாய்த்ததில்லை. நினைத்ததைவிட நன்றாகத்தான் இருந்தது.

பொற்கொடி ஆண்டர்ஸைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தாள். அதே சோளநார் முடி. அதே நீலம்.

"நீங்க சப்பாத்தியா?" என்று கேட்டாள்.

ஆண்டர்ஸ் குந்தி உட்கார்ந்து, டேனிஷில், தங்கள் ஊரில் கறுப்பாக ஒரு ரொட்டி உண்டு, அதுதான் அதிகம், கோதுமை ஞாயிற்றுக்கிழமைகளில் என்று விளக்கினான். எல்லாருக்கும் புரிந்தது. எஞ்சினியர் பேசுவதைவிடத் தெளிவாகப் பேசினான்.

ஜம்புலிங்கம் கைகளைத் தட்டித் தவிட்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். "சரி, நல்ல நேரம் போறதுக்குள்ள மாத்திக்கலாமா?"

வேதவல்லியின் கை பொற்கொடியின் தலைமேல் போயிற்று. அதே நேரத்தில் கிர்ஸ்டனின் கை, ரோலரிலிருந்து இறங்கி வந்த யென்ஸின் தலைமேல் போயிற்று. தெரு ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் பார்த்தது. கிர்ஸ்டன்தான் முதலில் பேசினாள்.

"பரந்தாமன் என்பவரின் வீடு எங்கே இருக்கிறது?"

அவர்கள் மாற்றிக்கொள்ள வரவில்லை. யென்ஸ் தூங்கும்போது அங்கேயும் நகர்ந்திருக்கிறான். சைக்கிளோடு கட்டிப் பார்த்தார்களாம், சைக்கிளும் போயிற்றாம். போன குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மேல் கடைப்பக்கமாக வழுக்கிப் போய்க்கொண்டிருந்தவனைத் துரத்திப் பிடித்திருக்கிறார்கள். கிர்ஸ்டனுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அண்ணன், தம்பி உள்ளவர்களைக் கேட்டுப் பார்த்தாலும், அங்கே மாமன்கள் உண்டே தவிர மடி கிடையாது. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பழகிவிட்டதால் மடி விழுவதே இல்லை. வியாசர்பாடியில் அண்டா அகலத்துக்கு ஒரு மடி இருக்கிறதென்று ஜம்புலிங்கத்தின் பங்காளிதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அது மூடிக் கிடக்குதே" என்றாள் சகுந்தலா.

"கேட்டுப் பார்க்கிறோம்" என்றாள் கிர்ஸ்டன்.

எல்லாரும் வியாசர்பாடிக்குப் போனார்கள். இரண்டு பிள்ளைகளையும் எத்திராஜ் ரோலரில் ஏற்றிக்கொண்டான். மற்றவர்கள் நடந்து போனார்கள். அதனால் முன்னாலேயே போய்ச் சேர்ந்து, அண்டாக்களின்மேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வந்தவர்கள் யாரையும் பரந்தாமன் வாவென்று சொல்லவில்லை. மடியில் துண்டு கிடந்தது.

கிர்ஸ்டன் நேரே அவர் பக்கத்தில் போய், தரையில் உட்கார்ந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி மெல்லப் பேசினாள். தனக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்றாள். சாப்பிட்டால் வயிறு வீங்கிக்கொள்ளும், தோலெல்லாம் தடித்துப்போகும். டாக்டர் சோறு சாப்பிடச் சொல்லிவிட்டார். அதனால்தான் வீட்டில் அரிசித் தவிடு இருந்தது. கடைக்காரர் கேட்டபோதுகூடக் காரணம் சொல்லவில்லை, பக்கத்து வீடுகளில் கேட்டபோதும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

பரந்தாமன் துண்டின் ஒரு மூலையைத் திருகிக்கொண்டிருந்தார். "அப்ப, இதை வெளியாள்ல முதல்ல எங்கிட்டதான் சொல்றியாம்மா?"

"உங்களிடம்தான் அண்ணா."

அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பையனைக் கூப்பிடு. யாருப்பா அங்க, நகைப் பத்தரை வரச் சொல்லுங்க."

பக்கத்துச் சந்திலிருந்து மாசிலாமணிப் பத்தர் தங்கக் கம்பியும் ஊசியுமாக வந்தார். யென்ஸ் ஏறி, பரந்தாமனின் இடது தொடையில் உட்கார்ந்தான். வேதவல்லி அண்டாவிலிருந்து எழுந்து வந்தாள்.

"அண்ணா, அந்தத் தொடை சும்மாத்தானே இருக்கு."

"இருக்கும். அதுக்கு?" என்றார் பரந்தாமன். தங்கையைப் பார்க்காமல் எத்திராஜைப் பார்த்துச் சொன்னார். "அவங்க எந்த ஊரோ. கடல் தாண்டி வந்து எங்கிட்ட முதல்ல சொன்னாங்க. இங்கேருந்து பெரம்பூர் கூப்பிடு தூரம்."

எத்திராஜ் வெளியே திரும்பிப் பார்த்தான். வாசலில் ரோலர் இருந்தது. பொற்கொடி கிறங்கிப்போய் அதன் இருக்கையில் தூங்க ஆரம்பித்திருந்தாள். ரோலர் பெரம்பூர்ப் பக்கம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் வந்து, மச்சானின் காதோரம் குனிந்தான். தனக்குப் பயமாக இருக்கிறது என்றான். ஜம்புலிங்கம் சொன்ன நாளிலிருந்தே சோறும் இறங்கவில்லை, சப்பாத்தியும் இறங்கவில்லை. அந்தப் பையனின் மூக்கைப் பார்த்தபோது ஆசையாகவும் இருந்தது. ஆசையாக இருந்ததால் இன்னும் பயமாகப் போயிற்று. ரோலருக்கு ரிப்பேர் ஒன்றும் இல்லை, வேண்டுமென்றேதான் குறுக்கே நிறுத்தினான். பொற்கொடி அந்தக் கதவுக்குப் பின்னால் போய்விட்டால், அதற்கப்புறம் ரோடு எப்படி இருந்தால் என்ன என்று தோன்றுகிறது.

பரந்தாமன் கேட்டுக்கொண்டார். "வேதாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"ஜம்புலிங்கத்துக்கு?"

"தெரியாது."

"சகுந்தலாவுக்கு?"

"சகுந்தலாக்காவுக்கே தெரியாது மச்சான்."

பரந்தாமன் சகுந்தலாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் அண்டாமேல் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு, ஒன்றும் அகப்படாத முகத்தோடு இருந்தாள். அவருக்கு நிறைவாக இருந்தது.

"பையா, கொஞ்சம் அந்தாண்ட நகந்து உட்காரு" என்றார். "பாப்பாவை எழுப்பிக் கூட்டிட்டு வாங்க மாப்பிள்ளை."

பொற்கொடி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து வலது தொடையில் ஏறினாள். மடியில் இன்னும் இடம் இருந்தது. பத்தர் முதலில் யென்ஸுக்கு ஒரு காது, பிறகு பொற்கொடிக்கு ஒரு காது, மறுபடியும் யென்ஸுக்கு, மறுபடியும் பொற்கொடிக்கு என்று மாற்றி மாற்றிக் குத்தினார். ஒன்று அழும்போது மற்றது வேடிக்கை பார்த்தது. நாலாவது ஓட்டையில் கம்பி ஏறிய நிமிஷத்தில், வாசலில் ரோலர் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது அது அசையாமல் நின்றிருந்தது. ஜம்புலிங்கம் குனிந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, "இனிமே கடைக்குச் சம்பந்தம் இல்ல" என்று சொல்லிவிட்டு, வியாபாரத்தைப் பார்க்கப் போனார்.

கிர்ஸ்டன் இப்போது பரந்தாமனுக்குத் தங்கை ஆகிவிட்டதால் ஆண்டர்ஸும் அந்த வீட்டு மாப்பிள்ளை ஆகிவிட்டான். காபி வந்தபோது எத்திராஜுக்கு முதலில் கொடுத்துவிட்டார்கள். ஆண்டர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, டம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். பரந்தாமன் போய் இரண்டு கையையும் பிடித்துச் சமாதானம் சொன்ன பிறகுதான் குடித்தான். முறை தெரிந்த மனுஷன் என்று எல்லாருக்கும் அவன்மேல் மரியாதை வந்தது. வேதவல்லி வீட்டிலிருந்த அரிசித் தவிட்டு டப்பாவைக் கொண்டுவந்து, ஊருக்குப் போனால் வேண்டியிருக்கும் என்று கிர்ஸ்டனின் மூட்டையில் வைத்தாள்.

புறப்படும் நேரத்தில் ஏர்போர்ட்டுக்கு ஒரு ஆட்டோவும் படியவில்லை. வந்தவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு, சகுந்தலாவே அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள். எத்திராஜ் அவர்கள் மூன்று பேரையும் ரோலரில் ஏற்றிக்கொண்டு போய், டென்மார்க்கில் இறக்கிவிட்டு, சப்பாத்திக்குத் திரும்பி வந்தான்.

வேதவல்லி தட்டை வைத்தாள். பொற்கொடி மஞ்சள் பூசிய காதுகளோடு அவன் பக்கத்தில் சாய்ந்துகொண்டாள். இப்போது அவள் சாய்ந்தால் சாய்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"ரோடு எப்படி?" என்று கேட்டாள் வேதவல்லி.

"ரோடு தேவலாம். நடுவுல கடல்தான் ரொம்ப மேடும் பள்ளமுமா கெடந்துது. வரும்போது மேலயும் கீழயும் ஒரு வாட்டி ஓட்டி, சமமா ஆக்கிட்டு வந்தேன்."

"அப்ப நடந்தே போலாமாப்பா?" என்றாள் பொற்கொடி.

"போலாம். செருப்பு போட்டுக்கிட்டுப் போணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் யென்ஸ் இட்லி சாப்பிட வந்திருந்தான். பாதமெல்லாம் ஈரமாக இருந்தது. வேதவல்லி வாசலில் கிடந்த கோணிச்சாக்கைக் காட்டினாள். அவன் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.